மெஷின் தண்ணீர்

ஜூலை 11

காலை பதினொரு மணிக்கு மெஷின் வந்தது. நீலச் சிலிண்டர், என் தோளுயரம். பக்கத்தில் உப்புப் போட ஒரு பெட்டி. வீட்டின் பின்பக்கம், மேல்தொட்டிக் குழாய் இறங்கும் இடத்தில், குளியலறைச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள்.

பொருத்த வந்தவர் பூபாலன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே பேசக்கூடியவர்.

அம்மா சமையலறைக் கதவில் நின்று கேட்டாள். "ஏனுங், உப்புத் தண்ணியச் சரி பண்றதுக்கு உப்பையே மூட்டையா கொட்டறீங்க?"

எங்கள் ஊரில் போர் தண்ணீருக்குப் பெயர் உப்புத் தண்ணீர். பத்து நாளைக்கு ஒருமுறை பொதுக்குழாயில் வருவது நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் அது. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர்தான். குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். பக்கெட் ஓரத்திலும் கண்ணாடி டம்ளரிலும் படியும்.

"உப்பு உங்களுக்கில்லீங்கம்மா, மெஷினுக்குங். உள்ள பொடிப்பொடியா குண்டு இருக்குதுங்க. அது தண்ணில இருக்கற சுண்ணாம்பைப் புடிச்சு வச்சுக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை உப்புத் தண்ணியில குளிச்சுதுன்னா மறுபடி சுத்தமாயிரும்."

மெஷினும் குளிக்கிறது. வாரம் இருமுறை. அதற்குப் போதுகிறது.

ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டுக் காட்டினார். போர் தண்ணீர் ஒயின் சிவப்பாக மாறியது. மெஷின் தண்ணீர் நீலமாக. அப்பா அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் அசெம்பிளி ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட என்னிடம் தாளை நீட்டிய பூபாலன் என் கைகளைப் பார்த்தார்.

"தம்பி சிமெண்ட் வேலைக்குப் போறீங்களா?"

"பிஎச்டி பண்றான்" என்றார் அப்பா. கொஞ்சம் வேகமாக. "லீவுல வந்திருக்கான்."

விடுப்பு ஜனவரியிலிருந்து.

மெஷின் ஆதிரைக்காக. வதனி அக்காவின் மகள். ஆகஸ்டில் காதுகுத்து. போனமுறை வந்தபோது குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக ஏதோ வந்ததாம். தண்ணீரால் என்று அப்பா சொல்கிறார்.

ஜூலை 12

குளித்தேன். சோப்பு போகவில்லை.

எத்தனை சொம்பு ஊற்றினாலும் கை வழவழப்பாகவே இருக்கிறது. விரலும் விரலும் உரசினால் மீன் தொட்ட மாதிரி. அம்மாவும் அதையேதான் சொன்னாள்: "என்ன கருமமோ, சோப்பே போக மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். வெங்காயம் அரியப் போய்விட்டாள்.

எனக்கு அந்த "போய்விட்டாள்" என்பதுதான் புரியவில்லை.

ஜூலை 13

நாற்பது நிமிடம்.

ஜூலை 15

துணி வெளுப்பாக வருகிறது என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. அப்பா பின்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது உப்புத் தண்ணீரில் குளிக்கும்போது உள்ளே ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகக் காத்திருக்கிறார்.

தினமும் காலை ஏழு மணிக்குச் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுகிறார். "நீலம்" என்று சத்தமாகச் சொல்கிறார். வீட்டுக்கே அறிவிப்பு.

மேல்தொட்டி இன்று மத்தியானத்துக்குள் இரண்டு முறை காலியானது. எங்கோ ஒழுகுகிறது என்று அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ஒழுகவில்லை. மூன்று பேர் உள்ள வீட்டில் ஆயிரம் லிட்டர் எங்கே போகும் என்று என்னைக் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

சாப்பிட வந்தபோது ரசம் ஆறியிருந்தது. அம்மா மறுபடி சுட வைத்தாள். மூன்றாவது முறையாக என்று நினைக்கிறேன்.

ஜூலை 18

அப்பா இன்று எனக்கு மெஷினைப் பற்றிப் பாடம் எடுத்தார். தப்பிக்க முடியவில்லை. சிலிண்டருக்கு மேலே குழாயில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கிறது. குறுக்காக இருந்தால் தண்ணீர் மெஷினுக்குள் போய் வரும். நேராகத் திருப்பினால் மெஷினைத் தொடாமல் நேரே வீட்டுக்குள் வரும். மெஷின் ரிப்பேரானால் அவசரத்துக்கு.

"ஒரு திருப்பு. அவ்வளவுதான். சின்னக் கொழந்தை கூடத் திருப்பிரலாம்."

விடுதியிலும் தண்ணீர் மோசம்தான். அறை நண்பன் வார்டனிடம் எழுதிக் கொடுத்தான்: குளியலறையை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்கிறார் என்று. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்து வந்தேன். என் விரல் மடிப்புகளில் தோல் வெடித்து உள்ளே சிவப்பு தெரிகிறது. கடினத் தண்ணீரால். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது தண்ணீர் மென்மையாகிவிட்டது.

ஜூலை 20

கை கீச்சென்றது. ஈரமான கண்ணாடியில் விரலை இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். இருபது நாளாக... இல்லை, ஒன்பது நாள்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு சுத்தம்.

காலையில் அப்பாவின் பாட்டில் சிவப்பாக இருந்தது. விநோதம்.

ஜூலை 21

மறுபடி சிவப்பு. மெஷின் கம்பெனிக்கு அப்பா போன் செய்தார்.

ஜூலை 23

பூபாலன் வந்தார். மத்தியானம் இரண்டு மணி. சொட்டு விட்டார். நீலம். மறுபடி விட்டார். நீலம்.

"நல்லாத்தானுங் இருக்குது, ஐயா."

"காலைல சிவப்பா இருந்துச்சு, தம்பி. நான் என்ன கண்ணு தெரியாதவனா?"

"இல்லீங் ஐயா. காத்து புடிச்சிருந்தா ஒருக்கா அப்படிக் காட்டுமுங்." காற்றால் அப்படி ஆகாது என்று அவருக்கே தெரியும் என்று தோன்றியது. அப்பாவுக்காகச் சொன்னார்.

நான் என் அறையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

ஜூலை 25

சிவப்பு. குழாய் வாயில் வெள்ளை மறுபடி படியத் தொடங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். அப்பா காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. பின்பக்கம் போய் மெஷின் எதிரே நின்றார். நோயாளியின் தலைமாட்டில் நிற்பது போல நின்றார்.

ஜூலை 27

பூபாலன் மூன்றாவது முறை வந்தார். மேல்மூடியைக் கழற்றினார். உப்பைக் கிளறிப் பார்த்தார். எல்லாம் சரி. ஸ்குரூ டிரைவரைத் துண்டில் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங். இந்தச் செவப்புக் கைப்புடிய வீட்டுல யாராச்சும் திருப்பறாங்களாங்?"

அப்பாவின் குரல் மாறியது. "என்ன பேசற நீ? இந்த வீட்டுல நான், என் சம்சாரம், பிஎச்டி படிக்கற பையன். இதுல யாரு வெளையாடறாங்கங்கற?"

"வெளையாட்டுன்னு சொல்லலீங்..."

"உனக்கு வேலை தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. வீட்டு ஆளுங்க மேல போடாதே. முப்பத்தோரு வருசம் நான் வால்வு மாட்டுனவன்."

பூபாலன் பையை மூடினார். போகும்போது என் அறைப் பக்கம் பார்த்தார். அல்லது என் கதவுக்குப் பக்கத்தில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

ஜூலை 28

அப்பா சொன்னார்: "இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுது. அப்பத்தான் மதிப்பானுக. அந்த ஆளுக்கு வேலை தெரியலை, எங்களையே குத்தம் சொல்றான்னு போடு."

எழுதினேன். நான்கு பத்தி. நல்ல நடை. திறமையின்மை, பொறுப்பின்மை, வாடிக்கையாளரை அவமதித்தல் என்று வரிசையாக. இரண்டாவது பத்தியில் ஒரு சொல் சரியாக அமையவில்லை என்று மாற்றி எழுதினேன். ஆய்வேட்டில் ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. இது இருபது நிமிடத்தில் முடிந்தது.

அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அவர் தொட்ட சட்டையை மாற்றினேன்.

ஆகஸ்ட் 3

கம்பெனியிலிருந்து வேறு ஒரு ஆள். அதிகம் பேசவில்லை. சொட்டு விட்டார். நீலம்.

"முன்னாடி வந்தவரு எங்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பூபாலனுங்களா? கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னு குடோனுக்கு மாத்திட்டாங்கங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெஷினைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 4

இந்த நோட்டிலாவது எழுத வேண்டும்.

நான்தான் திருப்புகிறேன். காலை ஐந்தரைக்கு, அப்பா நடைக்குப் போன பிறகு. கைப்பிடி சுலபமாகத் திரும்புகிறது. கழுவி முடித்ததும் பழையபடி குறுக்காக வைத்துவிடுகிறேன். ஆனால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் இருக்கிறதே, அது ஏழு மணிக்கு அப்பாவின் பாட்டிலில் வந்து சிவக்கிறது. மத்தியானம் ஆட்கள் வரும்போது எல்லாம் ஓடிப்போய் நீலமாகிவிடும். சில நாள் குறுக்காக வைக்கவே மறந்தேன். மறக்கவில்லை. இன்னொரு முறை தேவைப்படும் என்று விட்டுவைத்தேன்.

மென்மையான தண்ணீரில் எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. அது மட்டும்தான். கீச்சென்ற சத்தம் வந்தால் நிறுத்தலாம். எனக்கு ஒரு முடிவு தேவை. யாராவது "போதும்" என்று சொல்ல வேண்டும். கடினத் தண்ணீர் சொல்லும்.

அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு இதெல்லாம் தெரியும்.

ஆகஸ்ட் 8

அக்கா ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். மச்சான் இருபத்து மூன்றாம் தேதி வருவார். ஆதிரை தவழ்கிறாள். மேல்வாயில் இரண்டு பல், கீழே இரண்டு.

ஹாலைக் குறுக்காகக் கடந்து நேராக என்னிடம் வந்தாள். என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டேன். போலீஸ் பிடித்த திருடன் மாதிரி. அக்கா அப்படித்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. பிறகு சிரிக்கவில்லை.

"ஏன்டா குமணா, கொழந்தை வுழுந்துரும், புடி."

பிடிக்கவில்லை. அம்மா ஓடி வந்து தூக்கினாள்.

ஆதிரை போன பிறகு முழங்காலில் நான்கு சின்ன விரல்களின் ஈரம் இருந்தது. எச்சில். அதில் எனக்கு அருவருப்பு இல்லை. யாரும் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். அவள் என்னை அழுக்காக்குவாள் என்று நான் பயப்படவில்லை.

ஆகஸ்ட் 9

அக்கா துணி மடித்துக்கொண்டே பேசினாள். இருபத்தைந்தாம் தேதி குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான்.

"உக்காருவியா, மாட்டியா? இப்பவே சொல்லிரு. அங்க வந்து எல்லாத்துக்கும் முன்னாடி கையத் தூக்கிட்டு நிக்காத."

நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இல்லேன்னா பெரியப்பா பையன் தினகரனை உக்கார வச்சுக்கறேன். அவன் எப்படா கூப்புடுவாங்கன்னு இருக்கான். ஆனா ஒண்ணு, குமணா. ஒருக்கா அவன் உக்காந்துட்டான்னா அவ சீருக்கும் கல்யாணத்துக்கும் அவன்தான் நிப்பான். நீ சோறு திங்க வர்ற ஆளாட்ட வந்துட்டுப் போலாம்."

"தண்ணி மாறினதுல கை கொஞ்சம் வெடிச்சிருக்கு. ஆறட்டும்" என்றேன்.

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "தண்ணி" என்றாள். அவ்வளவுதான். நான் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 12

காலை ஐந்தரை. கைப்பிடியைத் திருப்பினேன். கழுவினேன். மறுபடி குறுக்காக வைக்கப் போனபோதுதான் வெளிச்சம் வந்திருந்தது. கைப்பிடியின் கழுத்திலிருந்து குழாய் மேல் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. மெல்லிய தூரிகைக் கோடு. நான் திருப்பியதில் அது இரண்டு துண்டாக நின்றது.

ஏழு வயதில் ஆயுத பூஜைக்கு அப்பா என்னைக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். பம்ப் ஒவ்வொன்றிலும் போல்ட் தலையிலிருந்து உடம்பு வரை வெள்ளைக் கோடு. எதற்கு என்று கேட்டேன். முறுக்கி முடித்ததும் கோடு போடுவோம், பிறகு யாராவது தொட்டால் கோடு உடைந்துவிடும் என்றார். "நாம யாரையும் கேக்கவே வேண்டியதில்லை. கோடே சொல்லிரும்."

கோட்டை நேராக்கினேன். நேராகிவிட்டதா என்று தெரியவில்லை. ஒரு நூல் அளவு விலகியிருக்கிறது. அல்லது முதலிலேயே அப்படித்தான் இருந்ததா? நாள் முழுக்கப் பதினொரு முறை போய்ப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13

அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14

இன்றும் திருப்பினேன். கோடு இருப்பது தெரிந்தும்.

ஏழு மணி. அப்பா சமையலறையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். ஹாலிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு சொட்டு. குலுக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

சிவப்பு. மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு.

"நீலம்" என்றார் அப்பா சத்தமாக.

"அப்பாடா" என்றாள் அம்மா திரும்பாமலே.

அப்பா பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்து இரண்டு முறை அலசி வைத்தார். என் பக்கம் பார்க்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அளவில் பொய் சொல்லி நிச்சயமாகக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 16

அப்பா குழாய்த் துண்டுகளும் பசையும் வாங்கி வந்தார். ஆளைக் கூப்பிடாமல் தானே அறுத்தார், ஒட்டினார். மத்தியானத்துக்குள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குழாய். மெஷினுக்கு முன்னாலிருந்தே பிரிந்து வருவது. போர் தண்ணீர்.

"இதெதுக்குங்க?" என்று அம்மா கேட்டாள்.

"செடிக்கு. மெஷின் தண்ணியை எதுக்குச் செடிக்கு ஊத்திட்டு."

எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலையும் ஒரு செம்பருத்தியும் இருக்கின்றன.

கையில் பசையோடு என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "உனக்கு வேணுங்கறப்ப இதுல கழுவிக்க, கண்ணு. அந்தக் கைப்புடிக்குப் போக வேண்டாம். அது கொஞ்சம் டைட்டா இருக்கும்."

அது டைட்டாக இல்லை. சின்னக் குழந்தை கூடத் திருப்பலாம் என்று அவரே சொன்னார்.

ஆகஸ்ட் 17

எனக்கென்று ஒரு குழாய். யாருக்கும் தெரியாமல் திருப்ப வேண்டாம். யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதிகாலை வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு, வெயிலில், கல்லின் ஓரம் உட்கார்ந்து கழுவினேன்.

கீச்சென்றது.

மறுபடி சோப்புப் போட்டேன். கீச்சென்றது. மறுபடி.

போதவில்லை.

எழுந்து கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் மடிப்பில் ரத்தம். இடப்பக்கம் மெஷின் தண்ணீர்க் குழாய், வலப்பக்கம் போர் தண்ணீர்க் குழாய். இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து வருகின்றன. இரண்டுமே என்னை விடவில்லை.

ஒன்பது மாதமாகத் தண்ணீரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதித் தண்ணீர், ஊர்த் தண்ணீர், மெஷின் தண்ணீர். இனி எந்தத் தண்ணீர் இருக்கிறது?

ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

ஆகஸ்ட் 17, மாலை

அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு. என் கையைக் கேட்கவில்லை. கிண்ணத்தை மட்டும் நடுவில் வைத்தாள்.

"ஆதிரைக்குக் கன்னத்துல ஒண்ணும் வரலை, தெரியுமா? அப்பாதான் எனக்குப் போன் பண்ணினாரு. மெஷின் வாங்கறேன், கொழந்தைக்குன்னு சொல்லிக்கறேன், நீயும் அப்படியே சொல்லிரும்மான்னு. அவன் கைக்குன்னு சொன்னா அவன் வேண்டாம்பான்னு."

நான் சுவரைப் பார்த்தேன்.

"தீபாவளிக்கு நடந்ததைத்தான் இன்னும் நெனச்சிட்டிருக்கியா?"

போன தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்தேன். பதினான்கு மணி நேரப் பயணம். பையைக் கீழே வைத்ததும் குழந்தையைத் தூக்கினேன். ஆறு வாரக் குழந்தை. கை கழுவவில்லை. அன்று இரவு அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. அப்பாவும் அக்காவும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் வீட்டில் இருந்தேன். கழுவிக்கொண்டிருந்தேன்.

இதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

"அன்னைக்குக் காலைலதான்டா அவளுக்கு ஊசி போட்டோம். ஊசிக் காய்ச்சல். டாக்டரு அங்கயே சொன்னாரு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

எனக்கு அன்றே தெரியும். ஒவ்வொரு முறை சோப்பை எடுக்கும்போதும் தெரியும். அக்கா நீண்ட நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது என்று நினைக்கிறேன்.

"ஒருத்தரைப் போய்ப் பாக்கலாமா, தம்பி?"

சரி என்றேன்.

ஆகஸ்ட் 18

அப்பாவிடம் சொன்னேன். வாசலில், அவர் செருப்பு மாட்டும்போது. வால்வைத் திருப்பியது நான். பூபாலன் மேல் தப்பில்லை. அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது.

அப்பா ஒரு செருப்போடு நின்றார்.

"எழுதச் சொன்னது நான்" என்றார். பிறகு, "அந்தாளு அன்னைக்கே கரெக்டா சொன்னான். நான்தான் கத்தினேன்."

கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். நடை பற்றி யோசிக்கவில்லை. மூன்று வரி. பிறகு பூபாலனுக்கே போன் செய்தேன். பின்னால் மூட்டைகள் விழும் சத்தம் கேட்டது.

"யாருங், பிஎச்டி தம்பிங்களா? சொல்லுங்."

சொன்னேன்.   

"பதினஞ்சு நாளா உப்பு மூட்டை அடுக்கறனுங் தம்பி" என்றார் கடைசியில். "இடுப்பு போச்சு. வீட்டுல சம்சாரம் கேக்குது, என்ன தப்புப் பண்ணுனீங்கன்னு. என்னன்னு சொல்றதுங்?"

"மன்னிச்சிருங்க."

 பிறகு பழைய குரல் பாதி திரும்பியது. "அந்தக் கைப்புடிய நீங்கதான் திருப்பறீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங். உங்க கையப் பாத்தேன். அப்பாரு முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு பொதுவா கேட்டனுங்."

பிறகு கேட்டார்: "சோப்பு போகலைன்னு தானுங் திருப்புனீங்க?"

"ஆமா."

"எல்லா வீட்டுலயும் இதே பாட்டுதானுங். தம்பி, கீச்சுங்குதே, அது சோப்புப் போனதால வர்ற சத்தமில்லீங். சோப்பும் சுண்ணாம்பும் சேந்து பால் ஏடாட்டக் கையில ஒட்டிக்கும். அது ஒரசற சத்தமுங். வழவழன்னு இருக்கறதுதான் உங்க தோலுங்."

போனை வைத்த பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது மாதமாகச் சுத்தம் என்று நான் நம்பிக் காத்திருந்தது அழுக்கின் சத்தம்.

பிறகும் கழுவினேன். முப்பது நிமிடம். எழுதி வைக்கிறேன், பொய் வேண்டாம்.

ஆகஸ்ட் 20

டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 28, மாலை ஐந்து. அக்கா காலண்டரில் வட்டம் போட்டாள். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 22

பூபாலன் வந்தார். பழைய வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். அம்மா அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்தாள். அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. காதுகுத்துப் பத்திரிகையில் மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் நீட்டினார். "குடும்பத்தோட வரோணும்." பூபாலனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்லுக்குப் பக்கத்தில் புதுக் குழாயைப் பார்த்து, "யாருங் ஒட்டுனது? ஜாயிண்ட் சூப்பரா இருக்குது" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை எடுத்திரலாமா, கண்ணு?"

எடுத்துவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். "இருக்கட்டும்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார் அப்பாவும். "செடிக்கு ஆகும்."

ஆகஸ்ட் 24

அக்கா கேட்டாள். "தினகரன்கிட்ட என்னடா சொல்லட்டும்?"

"சாப்பிட வரச் சொல்லு."

சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. 

ஆகஸ்ட் 25

காலை கிளம்பும் முன் மெஷின் தண்ணீரில் கழுவினேன். ஒரு முறை. வழவழப்போடு துண்டில் துடைத்தேன். இரண்டாவது முறை கழுவப் போனேன். அப்பா வாடகைக் காரில் ஹாரன் அடித்தார். வந்துவிட்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். ஹாரன்.

கோயிலில் குழாய் இல்லை. ஒரு டிரம்மில் தண்ணீர், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் சொம்பு. எல்லோரும் அதில் கையை விட்டு எடுத்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

பத்தரை மணி. மனையில் உட்கார்ந்தேன். புது வேட்டி. மொட்டை முன்பே முடிந்திருந்தது. அக்கா ஆதிரையை என் மடியில் வைத்தாள். இரண்டு கைகளும் காற்றில் நின்றன. எல்லோரும் பார்த்தார்கள். தினகரன் அரை அடி முன்னால் வந்தான்.

ஆசாரி ஊசியை எடுத்தார். "மாமன் கொழந்தை கையப் புடிச்சுக்கங். இல்லேன்னா ஊசியத் தட்டி வுட்ரும்."

பிடித்தேன்.

அவள் மணிக்கட்டு அவ்வளவு சின்னது. என் வெடித்த தோல் அவளைக் கீறும் என்று நினைத்தேன். கீறவில்லை. அவள் குனிந்து என் கட்டைவிரலை வாயில் வைத்துக் கடித்தாள், நான்கு பல்லால். என் கை முழுவதும் கத்தியது, எடு, எடு, எடு என்று. கூட்டத்தின் பின்னால் பூபாலன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார், பாட்டிலை வெளிச்சத்தில் பிடிக்கும்போது பார்ப்பாரே, அந்த முகத்தோடு.

வலது காது. ஆதிரை வீறிட்டாள். அப்போதே மடியில் சூடாக நனைந்தது. வேட்டி, தொடை, மனை எல்லாம்.

நான் எழுந்துகொள்ளப் போனேன். முழங்கால் தானாகவே மடங்கி எழத் தயாரானது.

"மாமனை நனைச்சுட்டாளே!" என்று யாரோ சிரித்தார்கள். அக்கா துண்டை நீட்டினாள். அவள் கண்ணில் சிரிப்பு இல்லை. "எந்திரிச்சுப் போய் மாத்திட்டு வந்திர்றியா? நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

ஆசாரி ஊசியை இன்னொரு கைக்கு மாற்றினார். "இன்னொரு காது இருக்குதுங்க. பாதியில எறக்கக் கூடாது. ஆனா மாமன் இஷ்டமுங்."

ஆதிரை அழுதுகொண்டே என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரிடமும் கையை நீட்டவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் என்பதால் என்னிடம் இருந்தாள். வேறு காரணம் ஒன்றும் அவளுக்கு இல்லை.

"குத்துங்க" என்றேன்.

மாலை நான்கு. வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா எல்லோருக்கும் டீ போடுகிறாள். ஆதிரை தூங்குகிறாள், இரண்டு காதிலும் மஞ்சளோடு. பின்பக்கம் இரண்டு குழாய்களும் இருக்கின்றன. இங்கிருந்து பத்தடி.

ஈரம் காய்ந்து வேட்டி தொடையில் விறைப்பாக ஒட்டியிருக்கிறது. இன்னும் மாற்றவில்லை.